புதுப்பிப்பு: ஏற்காடு மலைப்பாதைக்கு எந்த ஜிபிஎஸ்?

அடிவாரம் தாண்டியதும் வரைபட அம்பு சாலையை விட்டு விலகுகிறது, தனிக் கருவி வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிவு: காரின் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவும் (டேஷ்போர்டில் வரைபடம் காட்டும் திரை), அதோடு ஒயரில் இணையும் தனி ஜிபிஎஸ் ஆன்டெனாவும் போதும்.

முதலில் ஒரு திருத்தம். மொபைல் டவர் சிக்னல் போனால் ஜிபிஎஸ்ஸும் போகும் என்று நான் முன்பு எழுதியது தவறு. இருப்பிடம் செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. வரைபடத்துக்குத்தான் டேட்டா வேண்டும். சேலம், ஏற்காடு, மற்றொரு மலைப்பாதை உள்ள குப்பனூர் மூன்றும் அடங்கும்படி ஆஃப்லைன் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கிவிடுங்கள். ஆனால் ஆஃப்லைனில் நெரிசலோ மாற்று வழியோ காட்டாது. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடியிருக்கிறதா என்று கிளம்பும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

அம்பு விலகுவதற்குக் காரணம் மலைதான். ஒரு பக்க வானத்தைப் பாறை மறைக்கிறது, அதில் பட்டுத் திரும்பும் சிக்னல் கணக்கைக் குழப்புகிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளில் மேல் சாலையும் கீழ் சாலையும் அருகருகே இருப்பதால் சின்னப் பிழையே பெரிதாகத் தெரியும். செயற்கைக்கோள்கள் அனுப்பும் எல்1, எல்5 என்ற இரண்டு அலைவரிசையும் பிடிக்கும் ஸ்டீரியோவும் ஆன்டெனாவும் இங்கே உண்மையிலேயே உதவும். கடையில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆன்டெனா பொருத்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தீப்பெட்டி அளவுள்ள அந்தக் கறுப்புப் பெட்டியின் காந்தப் பக்கம் கீழே, மறுபக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். ஸ்டீரியோவின் பின்னால் செருகிவிட்டால் இரும்புச் சட்டம் மறைத்துவிடும். டேஷ்போர்டு பிளாஸ்டிக்குக்கு அடியில், முன்கண்ணாடியை ஒட்டி வையுங்கள். டேஷ்கேம், மலிவு சார்ஜர் ஒயர்கள் பக்கத்தில் வேண்டாம்.