உரிமம் முடிந்தும் முப்பது நாள் ஓட்டலாம் என்று அலுவலகத்திலேயே சொன்னார்கள், அபராதத்தை எதிர்க்கலாமா?

சத்துவாச்சாரிவாசி:
என் ஓட்டுநர் உரிமம் காலாவதியான பத்தாம் நாள், புதுப்பிப்பதற்காக வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றுக்குச் சென்றேன். சர்வர் வேலை செய்யவில்லை. மறுவாரம் வரச் சொன்ன கவுண்ட்டர் ஊழியர், "முப்பது நாள் வரைக்கும் ஓட்டலாம், பயப்படாதீங்க" என்று சொல்லி, விண்ணப்பத்தின் மூலையில் பென்சிலால் 30 என்று எழுதி வட்டமும் போட்டார். அதை நம்பி ஓட்டிய எனக்குப் பதினெட்டாம் நாள் கிரீன் சர்க்கிள் அருகே 5,000 ரூபாய் இ-சலான் போட்டுவிட்டார்கள். அரசு ஊழியரின் தவறான தகவலை நம்பினேன் என்பதை நீதிமன்றம் ஏற்குமா?

காட்பாடி வக்கீல்:
அவர் சொன்னது பழைய சட்டம், ஐயா. மோட்டார் வாகனச் சட்டத்தின் 14-ஆவது பிரிவிலிருந்த முப்பது நாள் சலுகையை 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கிவிட்டது. காலாவதியாகி ஓராண்டுக்குள் புதுப்பிக்கலாம் என்ற இப்போதைய விதி, விண்ணப்பிப்பதற்கான அவகாசமே தவிர ஓட்டுவதற்கான அனுமதி அன்று.

உங்கள் தற்காப்புக்குத் தடையாக நிற்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 17-ஆவது பிரிவு, அதாவது பழைய தண்டனைச் சட்டத்தின் 79. நல்லெண்ணத்தில் நேர்ந்த பொருண்மைப் பிழையை, அதாவது நடப்பு உண்மையைத் தவறாக அறிந்ததை, மன்னிக்கும் அப்பிரிவு, சட்டப் பிழையை, அதாவது சட்டம் சொல்வதைத் தவறாக அறிந்ததை, வெளிப்படையாகவே விலக்குகிறது. உரிமம் முடியும் தேதியை அலுவலகமே அட்டையில் தவறாக அச்சிட்டு, அதை நம்பி ஓட்டியிருந்தால் வாதாட இடமுண்டு. தேதி தெரிந்தும் சலுகை இருப்பதாக நம்பியது சட்டப் பிழைதான்.

பழைய வடாற்காட்டுக்காரன்:
கனடாவில் இதற்கென்றே ஒரு தற்காப்பு உண்டு. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2006-இல் லேவி நகராட்சி எதிர் தெத்ரோ வழக்கில் அதை ஏற்றது. உரிய அதிகாரி சொன்னார், சொன்னது நியாயமாகத் தோன்றியது, அதை நம்பியே நடந்தேன் என்பதையெல்லாம் குற்றஞ்சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். நிரூபித்தாலும் கிடைப்பது விடுதலையன்று, வழக்கு நடவடிக்கையை நிறுத்தும் உத்தரவுதான். வேடிக்கை என்னவென்றால், காலாவதியான உரிமத்தோடு ஓட்டிய தெத்ரோவே அதில் தோற்றார். அட்டையிலிருந்த தேதியைக் கட்டணம் கட்டும் தேதி என்று நினைத்துக்கொண்டாரே ஒழிய, யாரிடமும் விசாரிக்கவில்லை. நீங்களாவது கேட்டீர்கள்.

சத்துவாச்சாரிவாசி:
அப்படியென்றால் அந்தப் பென்சில் வட்டத்துக்கு மதிப்பே இல்லையா?

காட்பாடி வக்கீல்:
யார் எழுதியது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? கையொப்பமும் இல்லை, முத்திரையும் இல்லை. செல்லுபடியாகும் உரிமமின்றி ஓட்டுவதைத் தண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 181-ஆவது பிரிவில் சிறைத் தண்டனைதான் மூன்று மாதம் 'வரை'. அபராதம் 5,000 என்றே நிலையாக இருப்பதால், இரக்கப்படும் நீதிபதிக்கும் குறைக்க இடமில்லை. சலானைக் கட்டிவிட்டு, உடனே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். புது உரிமம் கைக்கு வரும்வரை காட்பாடி–பாகாயம் பேருந்து இருக்கிறது.