புதுப்பிப்பு: மஞ்சள் நாடாப் பதக்கம் வெள்ளிதான்

'மெடாய் மிலிட்டேர்' என்ற பிரெஞ்சு ராணுவப் பதக்கம் ஒன்றின் படத்தைப் போட்டு, அது வெள்ளியா வெறும் வெள்ளி முலாமா, 1870-இல் பிரான்ஸும் பிரஷ்யாவும் மோதிய போரில் கொடுத்ததா என்று முன்பு கேட்டிருந்தேன். பெரும்பாலும் தெளிந்துவிட்டது.

நாடா கோக்கும் வளையத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கடுகளவுகூட இல்லாத ஒரு காட்டுப்பன்றித் தலை! 1838 முதல் பாரிஸில் சிறு வெள்ளிப் பொருட்களுக்கு இட்ட தர முத்திரை அது. தங்கமென்றால் கழுகுத் தலை இருக்கும். ஆக, வெள்ளிதான்.

நீல எனாமல் வட்டத்திலுள்ள 1870 என்பது குடியரசு அறிவிக்கப்பட்ட ஆண்டு. பதக்கம் வழங்கிய ஆண்டல்ல. 1951 வரை அதையேதான் பொறித்தார்கள். முதல் உலகப் போரில் வெர்தான் போர்க்களத்தில் காயம்பட்டவருக்கும் அதே 1870தான். இதைச் சொல்லாமல் "பிரஷ்யப் போர்ப் பதக்கம்" என்று விலையேற்றும் வியாபாரிகளிடம் எச்சரிக்கையாக இருங்கள். 1852-இல் அன்றைய பிரெஞ்சு ஆட்சியாளர் லூயி நெப்போலியன் இந்தப் பதக்கத்தைத் தொடங்கிவைத்த காலத்தவற்றில் மேலே கழுகு இருக்கும். என்னுடையதில் ஆயுதக் குவியல்.

நாடாதான் காலை வாரிவிட்டது. பச்சைக் கரையிட்ட அந்த மஞ்சள் பட்டை புற ஊதா விளக்கில் பளீரென்று ஒளிர்ந்தது. பிற்காலத்து நூல், யாரோ மாற்றியிருக்கிறார்கள். நான் மாற்றப்போவதில்லை.

யாருடையது என்பதற்கு வழியில்லை. பின்புறம் 'வீரமும் ஒழுங்கும்' என்ற வாசகம் மட்டுமே. பிரான்ஸின் தொழிலாளர் கௌரவப் பதக்கங்களில் பெரும்பாலும் பெற்றவர் பெயரையே செதுக்கியிருப்பார்கள், விலையும் குறைவு. அடுத்து அவற்றைத்தான் சேகரிக்கப் போகிறேன்.