'கொடி' என்னும் சொல் தேடலில் அகப்படாதது ஏன்?

கேள்வி:
வணக்கம். என்னிடமுள்ள இரு கோப்புகளிலும் 'கொடி' என்னும் சொல் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிகிறது; ஆனால் ஒன்றிலிருந்து நகலெடுத்துத் தேடினால் மற்றதில் கிடைப்பதில்லை. மென்பொருள் எதையும் நிறுவாமல் உலாவியிலேயே காரணத்தைக் கண்டறிய வழியுண்டா?

மறுமொழி 1:
உண்டு. ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துகளைக் காட்டும் உலாவிக் கருவி ஒன்றில் இரு சொற்களையும் தனித்தனியே ஒட்டிப் பாருங்கள். ஒவ்வொரு குறியின் பெயரும் எண்ணும் வரிசையாக வரும். பதினாறடிமான எண்ணாக (0–9, A–F கொண்டு எழுதும் ஹெக்ஸ் எண்) வந்தால் வழக்கமான பதின்ம எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ககரத்தின் எண் 2965. அதையடுத்து ஒரு கோப்பில் 3018 என்ற ஒரே குறியும், மற்றதில் ஒற்றைக்கொம்பும் (3014) காலும் (3006) தனித்தனியாகவும் இருக்கக்கூடும். ஒருங்குறித் தரம் இவ்விரண்டையும் நிகரானவையாகவே கொள்கிறது. எனினும் பைட்டுகளை அப்படியே ஒப்பிடும் தேடலுக்கு அவை வேறு வேறுதான். இரு கோப்புகளையும், இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் என்எஃப்சி (NFC) என்னும் ஒருங்குறி வடிவத்துக்கு மாற்றினால், அதாவது இயல்பாக்கினால், இச்சிக்கல் தீரும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டாம் கோப்பில் 3014, 3006 என்றே காட்டுகிறது. இயல்பாக்கினால் எல்லாச் சொற்களும் சரியாகிவிடுமா?

மறுமொழி 2:
ஆகாது. 'ஔவை'யின் முதலெழுத்தை ஒகரமும் (2962) ளகரமுமாக (2995) தட்டியிருந்தால், எந்த இயல்பாக்கமும் அதை ஔகாரமாக (2964) மாற்றாது. ககரத்தைப் போலவே தோன்றும் தமிழ் எண் ௧ (3047), கண்ணுக்கே தெரியாத, அகலமற்ற குறிகளான 8203, 8204 ஆகியவற்றையும் கருவியில் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.