எண்ணூர்க் கிளிஞ்சலும் யுகங்களின் எல்லையும்

திருவொற்றியூரில் நான் புவியியல் கற்பிக்கும் பள்ளிக்கு எண்ணூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, வீட்டு அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த கிளிஞ்சல்களை ஒரு பை நிறையக் கொண்டுவந்து, "மிஸ், இதை வெச்சு இது எந்த யுகம்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டாள். மிக நல்ல கேள்வி அது. அவள் கொண்டுவந்த மட்டியும் ஆளியும் இன்றும் பழவேற்காட்டு ஏரியில் உயிரோடு கிடைப்பவை. நெடுங்காலம் மாறாமல் வாழும் உயிரினம் இரு காலங்களைப் பிரித்துக் காட்டாது.

எல்லையைக் குறிக்கும் உயிரினம் விரைவில் வேறினமாக மாறியிருக்க வேண்டும். மிதந்தோ நீந்தியோ பல கடல்களுக்கும் பரவியிருக்கவும் வேண்டும். என்னிடமுள்ள அரியலூர் அம்மோனைட்டை, அதாவது சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிரின் கல்லான எச்சத்தை, அவள் கையில் கொடுத்தேன். ஓடு தேய்ந்த இடத்தில், கொத்தமல்லி இலையின் விளிம்பைப் போல நெளிந்தோடும் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தாள். இனத்துக்கு இனம் வேறுபடும் அக்கோடுகள், அம்மோனைட்டுகளை அடையாளம் காணப் பெரிதும் உதவுகின்றன.

இரு யுகங்களின் எல்லையைப் பாறை அடுக்கில் காட்டும், உலகம் முழுவதற்குமான முதல் எல்லைப்புள்ளி 1972இல் இன்றைய செக் நாட்டிலுள்ள குளோங்க் என்னுமிடத்தில் குறிக்கப்பட்டது. மோனோகிராப்டஸ் யூனிஃபார்மிஸ் என்ற கிராப்டோலைட் (கூட்டமாக வாழ்ந்து அழிந்துபோன சிறு கடலுயிர்) முதன்முதலில் தென்படும் அடுக்கில் சைலூரியன் யுகம் முடிந்து டெவோனியன் யுகம் தொடங்குகிறது. 2001இல் சீனாவின் மெய்ஷானில் டிரையாசிக் யுகத்தின் தொடக்கத்தை வரையறுத்தபோது, உயிரினங்கள் பெருமளவில் அழிந்த அடுக்கை எல்லையாகக் கொள்ளாமல், அதற்குச் சற்று மேலே ஹிண்டியோடஸ் பார்வஸ் என்ற கோனோடான்ட் (விலாங்கு போன்ற, அழிந்துபோன சிறு கடலுயிர்) முதலில் தோன்றும் இடத்தையே தேர்ந்தனர். ஏறத்தாழ 25 கோடியே 19 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய அவ்வெல்லையைச் சொல்வது, அவ்வுயிரின் மில்லிமீட்டர் அளவேயான பல் போன்ற உறுப்பு. சுண்ணாம்புக்கல்லை மென்மையான அமிலத்தில் கரைத்து, எஞ்சிய வண்டலை நுண்ணோக்கியில் வைத்துத் தேடினால்தான் அது கிடைக்கும்.

அழிவை விட்டுத் தோற்றத்தை ஏன் கொள்கிறார்கள் என்று அவள் விடாமல் கேட்டாள். பழைய எச்சங்கள் அரிக்கப்பட்டுப் புதிய படிவில் மீண்டும் புதையக்கூடும்; ஓர் இனம் ஓரிடத்தில் மறைந்த பின்னும் வேறிடத்தில் வாழ்ந்திருக்கலாம். புதிய இனமோ ஒரே ஒரு முறைதான் உருவாகிறது. கிரெட்டேசியஸ் யுகத்தின் முடிவு இதற்கு ஒரு விலக்கு: துனீசியாவின் எல் கெஃபில் அதைக் காட்டுவது இரிடியம் என்ற உலோகம் மிகுந்த களிமண் அடுக்கு.

அரியலூருக்குச் செல்லும் நண்பர்கள், எச்சத்தைப் பெயர்த்தெடுக்கும் முன் அது எந்த அடுக்கில் இருந்தது என்பதைப் படத்தோடு குறித்துவையுங்கள். இடம் தெரியாத அம்மோனைட்டைக் கொண்டு எந்த எல்லையையும் நிறுவ முடியாது.