பன்னிரண்டு வயதுப் பையனை யாரோடு உட்கார வைப்பது?

தாராவி, சயான் பக்கம் இருக்கும் நண்பர்களிடம் ஓர் உதவி. 90 அடி ரோட்டை ஒட்டிய சந்தில், மாடி அறை ஒன்றில் மாலையில் பிள்ளைகளுக்குத் தமிழும் கணக்கும் சொல்லித் தருகிறோம். மொத்தம் 23 பேர். ஜூன் முதல் வகுப்புவாரியாகப் பிரிக்காமல், வாசிக்கும் திறனை வைத்துப் பிரித்தோம். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு செய்வதுபோல எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு அட்டை. எது வரை தடங்கலில்லாமல் வாசிக்கிறார்களோ அந்தக் குழு.

சிறுசுகளுக்கு நன்றாகவே போகிறது. சிக்கல் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். 'மரம்' என்ற சொல்லுக்கு அடியில் விரலை வைத்து, 'ம... ர...' என்று நிற்கிறான். எழுத்துக் குழுவில் மற்றவர்களுக்கெல்லாம் ஏழு வயது. இரண்டு நாள் உட்கார்ந்தான், மூன்றாம் நாள் வரவில்லை. நாங்கள் செய்த தப்புதான் அது. இத்தனைக்கும் காலையில் அப்பாவோடு இட்லி விற்கப் போகிறவன். 500 ரூபாய்க்குச் சில்லறை மனக்கணக்கில் சொல்வான். அதனால் கணக்குக்குத் தனிக் குழு பிரித்து, அவனை மேலே ஏற்றிவிட்டோம். இப்போது கணக்குக்கு மட்டும் வருகிறான்.

பெரிய பிள்ளைகள் கூச்சப்படாமல் வாசிக்கிற மாதிரி, எளிய சொற்களில் கிரிக்கெட், பைக் பற்றிய தமிழ்ப் பக்கங்கள் யாரிடமாவது உண்டா? அணில், ஆடு வேண்டாம். அப்புறம், சனிக்கிழமை ஒரு மணி நேரம் அவனோடு தனியாக உட்கார ஓர் அண்ணன் கிடைத்தால் போதும். உள்பெட்டியில் சொல்லுங்கள்.