வீட்ல செஞ்ச துப்பாக்கிக்கு சீரியல் நம்பர்: மார்க்கிங் பண்ணித் தரலாமா?

தண்டையார்பேட்ட லேசர்

எல்லாருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டைல சின்னதா மார்க்கிங் கட வச்சிருக்கேன். எங்கப்பா காலத்துல பாத்திரத்துல பேர் வெட்டற கட, இப்போ ஃபைபர் லேசர் மெஷின் போட்டு வால்வு, பம்பு நேம்பிளேட்டு, ஷீல்டு, ட்ராஃபின்னு எது வந்தாலும் அடிச்சுத் தர்றோம். மேட்டர் இன்னான்னா போன வாரம் ஒரு ஆளு வந்தாரு, பாக்க டீசன்ட்டா தான் இருந்தாரு, போன எடுத்து ஒரு அமெரிக்கா வீடியோ காட்டினாரு, அதுல ஒருத்தன் வீட்லயே துப்பாக்கி செஞ்சு அவனாவே ஒரு நம்பர் யோசிச்சு அதும்மேல அடிக்கிறான், இது சட்டப்படி ஓகேன்னு வேற பேசறான். இவரு நான் ஒரு மெட்டல் பாடி கொண்டாறேன், அதே மாதிரி நம்பர் போட்டுக் குடு, நம்பர் இருந்துட்டா லீகல் ஆயிடும்ங்கிறாரு. இன்னா பாடின்னு கேட்டா ஏர்கன்னாரு, கொஞ்ச நேரம் கழிச்சு கலெக்‌ஷன் பீஸுன்னாரு. ரேட்டு மட்டும் நம்ம கேக்காமயே ஏத்திச் சொல்றாரு. பாத்துட்டு சொல்றேன்னு அனுப்பிட்டேன்.

அமெரிக்கால நெஜமாவே அப்டித்தானா? இங்க நான் நம்பர் மட்டும் அடிச்சுக் குடுத்தா எனக்கு இன்னா பிரச்சன வரும்? இன்னொண்ணு, எங்கக்கா பையன் கலிஃபோர்னியால வேல பாக்கறான், எச்1பி விசா, அவன கேட்டா இங்க துப்பாக்கி கிட்டு வாங்கி வீட்ல செய்வாங்க மாமா, நானும் ஒண்ணு பண்ணலாம்னு இருக்கேன்னு சிரிக்கிறான். எங்கக்காவுக்கு இன்னும் தெரியாது.

வியாசர்பாடி லேத்து

தம்பி தொடாத. அவ்ளோதான்.

பழைய வண்டில சேசிஸ் நம்பர் துரு புடிச்சி போச்சு, மறுபடி பஞ்ச் அடிச்சுக் குடுன்னு எத்தினி பேர் வர்றான், ஆர்டிஓ லெட்டர் எங்கன்னு கேட்டா பாதி பேர் டீ குடிச்சிட்டு வர்றேன்னு போறவன் தான். ஒரு வண்டி நம்பருக்கே இந்த கதி, நீ துப்பாக்கிக்கு கேக்கற. சட்டம் எனக்குத் தெரியாது, வக்கீல் யாராச்சும் வந்து சொல்லட்டும்.

ராயபுரம் வக்கீல்

வந்துட்டேன். லேசர் தம்பி, உன் கஸ்டமர் சொன்னது தலகீழ். நம்ம நாட்டுல நம்பர் இருந்தா லீகல்னு ஒரு கான்செப்டே கெடையாது, லைசென்ஸ் முதல்ல, நம்பர் அதுக்கப்புறம். 1959 ஆயுதச் சட்டம் 3வது பிரிவு, லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருக்கக் கூடாது. 5வது பிரிவு, லைசென்ஸ் இல்லாம செய்யக் கூடாது, விக்கக் கூடாது, ரிப்பேர் பண்ணக் கூடாது, ஒண்ண இன்னொண்ணா மாத்தக் கூடாது. சொந்த உபயோகத்துக்கு வீட்ல செஞ்சேன் சார்னு சொல்றதுக்கு அதுல சந்து பொந்து எதுவும் இல்ல. வெறும் பாடி தானே, முழு துப்பாக்கி இல்லியேன்னும் தப்பிக்க முடியாது, ஆயுதம்னா இன்னான்னு சொல்ற எடத்துலயே அதோட பாகங்களையும் செய்யற மெஷினையும் சேத்துத்தான் எழுதியிருக்கு. அந்த மெஷின்ங்கற வார்த்தைய நீ ரெண்டு வாட்டி படி.

நம்பருக்குன்னே தனியா 8வது பிரிவு இருக்கு. துப்பாக்கில இருக்கற பேரு, நம்பர், அடையாளம் எதையும் அழிக்கக் கூடாது, மாத்தக் கூடாது, போலியா போடக் கூடாது. செஞ்சவங்க பேரும் நம்பரும் இல்லாத துப்பாக்கிய விக்கவோ கை மாத்தவோ கூடாது. அப்டி நம்பர் இல்லாத ஒண்ணு ஒருத்தன் கையில கெடச்சா அவன் தான் அழிச்சான்னு சட்டமே எடுத்துக்கும், இல்லன்னு நிரூபிக்கறது அவன் பாடு. யோசிச்சுப் பாரு, எங்கயோ நம்பர் அழிச்ச துப்பாக்கி ஒண்ணு உன் கடைக்கு வந்து புது நம்பரோட வெளிய போவுதுன்னு வை, அடிச்ச மெஷின் யாருது? 2019 திருத்தத்துக்கு அப்புறம் லைசென்ஸ் இல்லாம செய்யறது, விக்கறதுக்கெல்லாம் குறைஞ்சது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போவலாம். உன்ன உடந்தைன்னு சேக்கறதுக்கு கேஸ விசாரிக்கற போலீஸ் அதிகாரிக்கு ரொம்ப நேரம் ஆவாது.

பெரம்பூர் டு டல்லாஸ்

அமெரிக்கா பக்கம் நான் சொல்றேன், இங்க துப்பாக்கி சுட்டுப் பழகற ரேஞ்சுக்குப் போற பழக்கம் இருக்கு. அந்த வீடியோ முழுப் பொய் இல்ல, ஆனா பாதி தான். மத்திய அரசு சட்டப்படி, அதாவது 1968ல வந்த கன் கன்ட்ரோல் ஆக்ட் படி, சீரியல் நம்பர் போட வேண்டியவன் லைசென்ஸ் வச்சு தயாரிக்கறவனும் இறக்குமதி பண்றவனும் தான். துப்பாக்கி வச்சிருக்க தடை இல்லாத ஒருத்தன் தனக்குன்னு ஒண்ணு செஞ்சா அவனுக்கு லைசென்ஸும் வேணாம், நம்பரும் வேணாம், விக்கற தொழிலா மட்டும் பண்ணக் கூடாது. அதனால வீடியோல அவன் அடிச்ச நம்பர் அவனா ஆசைப்பட்டு அடிச்சதா இருக்கும், அதுனால அவன் துப்பாக்கி லீகல் ஆகல, ஏற்கனவே லீகல். உங்க கஸ்டமர் இந்த எடத்துல தான் புடிச்சிக்கிட்டாரு.

ஆனா இதையே நம்பர் இருந்துச்சு, சுரண்டி எடுத்துட்டேன்னு மாத்தினா கதையே வேற, அது ஃபெடரல் குற்றம், கையில வச்சிருந்தாலே உள்ள. சைலன்ஸர், குட்டைக் குழல் ரைஃபிள் மாதிரி 1934 சட்டத்துல வர்றதுக்கு, செய்யறதுக்கு முன்னாடியே பர்மிஷன் வாங்கணும், வீட்ல செஞ்சாலும் நம்பர் அடிச்சே ஆவணும்.

லைசென்ஸ் கம்பெனி அடிக்கற நம்பருக்கு அளவு இருக்கு, ஆழம் 0.003 இன்ச்சுக்கு கொறையக் கூடாது, எழுத்து உயரம் 1/16 இன்ச். சுரண்டினா லேசுல போவக் கூடாதுன்னு தான்.

கிட்டு விஷயம் தான் பெரிய சண்டையா ஓடிச்சு. முக்கால்வாசி முடிஞ்ச பாகத்த நம்பர் இல்லாம ஆன்லைன்ல வித்து, வாங்கினவன் வீட்ல கொஞ்சம் வேல பாத்து முடிச்சிடுவான், அதத்தான் கோஸ்ட் கன்னு பேர் வச்சாங்க. 2022 ஆகஸ்ட்ல ஏடிஎஃப், அதாவது துப்பாக்கி விஷயத்த பாக்கற மத்திய அரசு ஏஜென்சி, புது ரூல் கொண்டாந்து, சுலபமா முடிக்கற மாதிரி இருக்கற கிட்டும் துப்பாக்கி தான், விக்கறவன் லைசென்ஸ் எடுக்கணும், நம்பர் போடணும், வாங்கறவன் பின்னணிய செக் பண்ணணும்னுச்சு. கேஸ் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி 2025 மார்ச்ல 7 ஜட்ஜுக்கு 2 ஜட்ஜுன்னு ரூல் செல்லும்னு ஆயிடுச்சு, தீர்ப்பு எழுதினது ஜட்ஜ் நீல் கோர்சச்.

அக்கா பையன் விஷயம் தான் அவசரம். கலிஃபோர்னியா தனி நாடு மாதிரி. 2018 ஜூலைல இருந்து அங்க செய்யறதுக்கு முன்னாடியே மாநில நீதித் துறைகிட்ட அப்ளை பண்ணி, செக் முடிஞ்சு, அவங்க குடுக்கற நம்பரத்தான் அடிக்கணும், நம்ம இஷ்டத்துக்கு யோசிக்கற நம்பர் செல்லாது. அதுக்கும் மேல அவன் எச்1பி. அந்த மாதிரி விசால இருக்கறவங்க துப்பாக்கி வச்சிருக்கறதே ஃபெடரல் சட்டத்துல தடை, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு தான் உண்டு. சிரிக்கற மேட்டர் இல்லன்னு சொல்லுங்க, விசாவும் போவும், கிரீன் கார்டு கனவும் போவும்.

கொருக்குப்பேட்ட குமாரு

டல்லாஸ் ணா ஒரு டவுட்டு, வீட்ல செய்யறவனுக்கு நம்பரே வேணாம்னா போலீஸ் எப்டி கண்டுபுடிக்கும்? அப்புறம் வக்கீல் சார், குடகுல லைசென்ஸே இல்லாம துப்பாக்கி வச்சிருக்காங்களே, அவங்களுக்கு ஒரு சட்டம் நமக்கு ஒரு சட்டமா?

பெரம்பூர் டு டல்லாஸ்

கஷ்டம் தான், அதுக்குத்தான் அந்த ரூலே வந்துச்சு. இங்க யார்கிட்ட எந்த துப்பாக்கி இருக்குன்னு மத்திய அரசு ஒரே லிஸ்டா வச்சிக்கக் கூடாதுன்னு 1986லயே சட்டம் போட்டுட்டாங்க. அதனால ஒரு துப்பாக்கி சிக்கினா மேற்கு வர்ஜினியால மார்ட்டின்ஸ்பர்க்ல இருக்கற ட்ரேசிங் சென்டர்ல இருந்து நம்பர வச்சு கம்பெனிக்குக் கேட்டு, அவன் யாருக்கு வித்தான், அந்த கடைக்காரன் யாருக்கு வித்தான்னு ஒவ்வொருத்தன் ரெஜிஸ்டரா பொரட்டி முதல்ல வாங்கினவன் வரைக்கும் போவாங்க. நம்பர் எந்த ரெஜிஸ்டர்லயும் இல்லன்னா அந்த தேடல் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. நீங்க லேசர்ல எவ்ளோ அழகா அடிச்சாலும் அது வெறும் கோடு தான்.

ராயபுரம் வக்கீல்

குமாரு, குடகுக்காரங்களுக்கு இருக்கறது வெள்ளைக்காரன் காலத்துல இருந்து வர்ற விலக்கு, மத்திய அரசு 2019ல 10 வருஷத்துக்கு நீட்டிச்சிருக்கு, 2029 வரைக்கும். அது வச்சிக்கறதுக்கு, பட்டறை போட்டு செஞ்சுக்கறதுக்கு இல்ல.

இங்க ரெஜிஸ்டர் விஷயம் டல்லாஸ் சொன்னதுக்கு நேர் எதிர். லைசென்ஸ் வச்சிருக்கறவன் ஒவ்வொருத்தனுக்கும் அரசாங்கம் தனி அடையாள எண் குடுத்து நாடு முழுக்க ஒரே டேட்டாபேஸ்ல ஏத்தி வச்சிருக்கு, துப்பாக்கி நம்பரும் லைசென்ஸ்லயே ஏறிடும். சென்னைல லைசென்ஸ் குடுக்கறது போலீஸ் கமிஷனர், மத்த மாவட்டத்துல கலெக்டர்.

தண்டையார்பேட்ட லேசர்

அண்ணங்களுக்கு நன்றி. பையனுக்கு டல்லாஸ் அண்ணன் மெசேஜ அப்டியே அனுப்பிட்டேன், நீல டிக்கு விழுந்துச்சு, பதில் தான் வரல. கடைசியா ஒண்ணு, அந்த ஆளு கொண்டாறது நெஜமாவே ஏர்கன்னா?

ராயபுரம் வக்கீல்

4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்குள்ள பவர், இதுக்குள்ள இருந்தா லைசென்ஸ் தேவையில்ல, தாண்டினா வேணும், 2016 ஆயுத ரூல்ஸ்ல இருக்கு. ஆனா கடையில வாங்கின ஏர்கன்ல கம்பெனிக்காரன் நம்பர் ஏற்கனவே இருக்குமே தம்பி, இவருக்கு எதுக்கு இன்னொண்ணு? ஏர்கன்னு ஒரு வாய், கலெக்‌ஷன்னு ஒரு வாய். மறுபடி வந்தா லைசென்ஸ் காப்பி கொண்டாங்கன்னு மட்டும் சொல்லு, சண்ட போடாத, பாடிய கையில வாங்கி மேசைல கூட வைக்காத. வந்தாலும் வராட்டியும் ஸ்டேஷன்ல எழுத்துல ஒரு தகவல் குடுத்து ரசீது வாங்கிக்க. கடைல சிசிடிவி இருக்கா?

தண்டையார்பேட்ட லேசர்

இருக்கு சார், ஆனா ஹார்டு டிஸ்க் சின்னது, பழசு தானா அழிஞ்சிடும். இப்பவே பென்டிரைவ்ல எடுத்துடறேன்.

வியாசர்பாடி லேத்து

எடு எடு. ஸ்டேஷனுக்கு தனியா போவாத, வியாபாரிங்க சங்கத்துல ஒருத்தர கூட இட்டுனு போ. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போனா அவங்களே ட்ராஃபிக்ல நிப்பாங்க, காலைலயே போயிடு.