டெல்லிக்கு ஒரு நாள்: ஏழு இடமா, மூன்று இடமா?

குமரன்_நாகர்கோவில்
போன சனிக்கிழமை குடும்பத்தோடு டெல்லியைச் சுற்றினோம். அப்பா, அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். காலையில் செங்கோட்டை, அப்புறம் ஜும்மா மசூதி, ராஜ்காட், இந்தியா கேட், குதுப்மினார், தாமரைக் கோயில், கடைசியாக அக்ஷர்தாம். வாடகைக் கார். மறுநாள் ஆக்ரா. "ஒரே நாளில் இவ்வளவு ஓடுவது வீண்" என்று இங்கே சிலர் அடிக்கடி எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாகர்கோவிலிலிருந்து இரண்டு இரவு ரயிலில் போகிற குடும்பத்துக்கு டெல்லி நினைத்தபோதெல்லாம் வாய்க்காது. அப்பா வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வகுப்பில் படம் காட்டி நடத்திய இடங்களை நேரில் பார்க்க வந்தவரிடம் எதை வேண்டாம் என்று சொல்வது?

மீனாட்சி_ஆர்கேபுரம்
குமரன் சார், செங்கோட்டையில் எவ்வளவு நேரம் இருந்தீர்கள்? லாகோரி வாசலில் நுழைந்ததும் கடைத்தெரு வரும். பெரும்பாலான குடும்பங்கள் அங்கேயே வளையலும் கைப்பையும் பார்த்துவிட்டு, மன்னர் பொதுமக்களைச் சந்தித்த திவானி ஆம் மண்டபத்தின் முன்னால் ஒரு போட்டோ எடுத்துத் திரும்பிவிடுகின்றன. மன்னரின் தனி அவையான திவானி காஸ் இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. மயிலாசனம் இருந்த மண்டபம் அது. 1739-ல் பாரசீக மன்னன் நாதிர் ஷா அந்த ஆசனத்தை எடுத்துப் போனான். 1858-ல் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாஃபரை ஆங்கிலேயர்கள் விசாரித்ததும் அங்கேதான். வரலாற்று ஆசிரியர் அந்த மண்டபத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டாமா?

அப்புறம் தூரம். செங்கோட்டை வடக்கே, குதுப்மினார் தெற்கே, அக்ஷர்தாம் யமுனைக்கு அக்கரையில். அந்த நாளில் நீங்கள் அதிகம் பார்த்தது ரிங் ரோட்டைத்தான். அக்ஷர்தாமில் போன், கேமரா, பை எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அதற்கே தனி வரிசை. அரை நாள் கையில் இல்லாமல் அங்கே போகக்கூடாது.

பட்ஜெட்_பாலா
குமரன் பக்கம் நான். டெல்லியில் குடியிருப்பவர்களுக்கு "இன்னொரு நாள் வாருங்கள்" என்று சொல்வது சுலபம். ஆறு பேருக்கு இன்னொரு இரவு என்றால் இரண்டு ரூம், மூன்று வேளைச் சாப்பாடு, ஒரு நாள் லீவு. திரும்பும் டிக்கெட் 60 நாள் முன்னாடியே எடுத்தது, நகர்த்த முடியாது.

ஆனால் கார் வேண்டாம், மெட்ரோ போதும். வயலட் லைனைப் பாருங்கள். லால் கிலாவில் இறங்கினால் செங்கோட்டை, அடுத்த ஸ்டேஷன் ஜும்மா மசூதி, சென்ட்ரல் செக்ரடேரியட்டில் இறங்கினால் இந்தியா கேட் போகும் கர்தவ்ய பாதை, கால்காஜி மந்திரில் தாமரைக் கோயில். எல்லாம் ஒரே லைன். பெண்களுக்கு முதல் பெட்டி தனியாக உண்டு. தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. திட்டம் போட்டால் ஒரு நாளில் நிறைய முடியும்.

சேலம்_சுபா
தம்பி குமரன், உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே. ஏழு இடத்தில் அவர் எத்தனை இடத்தில் இறங்கினார்? இதை நான் குறையாகக் கேட்கவில்லை. இந்த மாதிரி நாளில் வீட்டுப் பெண்கள் படும் பாட்டைத் திட்டம் போடுபவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. கழிப்பறை எங்கே என்று தெரியாமல் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். சின்னப் பிள்ளைக்குப் பசி வந்ததும் சோற்றுக்கு அலைவதும், செருப்பைக் கழற்றி வரிசையில் தூக்கிக்கொண்டு நிற்பதும் அவர்கள்தான். பாலா சொல்லும் மெட்ரோவில் லிஃப்ட் இருக்கிறது, சரி. லிஃப்ட்டிலிருந்து கோட்டை வாசல் வரை நடப்பது யார்?

குமரன்_நாகர்கோவில்
சுபா அக்கா, அம்மா நான்கு இடத்தில் இறங்கினார். மற்ற மூன்றிலும் காரில் இருந்தது அவர் விருப்பம். முட்டிவலி அவருக்கு ஊரிலும் உண்டு. கார் எடுத்ததே அதனால்தான்.

மீனாட்சி அக்காவுக்கு: செங்கோட்டை வாசலுக்கு எதிரே அப்பா நின்றுவிட்டார். கொடி பறந்த மதிலைக் காட்டி, "நேரு இங்கே முதலில் கொடி ஏற்றியது 15-ஆம் தேதி இல்லை, 1947 ஆகஸ்ட் 16" என்று பேரப்பிள்ளைகளிடம் சொன்னார். பக்கத்தில் நின்ற வேறொரு குடும்பமும் திரும்பிப் பார்த்தது. 1945-ல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் ஷா நவாஸ் கான், சாகல், தில்லான் மூன்று பேரையும் இதே கோட்டைக்குள் வைத்து விசாரித்த கதையைச் சொன்னார். மலேயா தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்களைப் பற்றியும் சொன்னார். என் மகள் இப்போதும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அந்த நாள் வீணானது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.

மீனாட்சி_ஆர்கேபுரம்
வீண் என்று நான் சொல்லவில்லை. ஏழு இடம் போய் வந்து நீங்கள் விவரமாக எழுதியது அந்தப் பத்து நிமிடத்தைத்தான். தாமரைக் கோயிலைப் பற்றியோ ராஜ்காட்டைப் பற்றியோ ஒரு வரி இல்லை. அப்பா பேச ஆரம்பித்த இடத்தில் இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்திருந்தால் கோட்டைக்குள் இருக்கும் நேதாஜி அருங்காட்சியகத்தையும் பார்த்திருக்கலாம். நான் கேட்பது அந்த ஒரு மணி நேரம்தான்.

குமரன்_நாகர்கோவில்
அந்த ஒரு மணி நேரத்துக்குக் குதுப்மினாரை விட்டிருக்க வேண்டும். 1,600 ஆண்டு வெயிலிலும் மழையிலும் நிற்கும் இரும்புத்தூணை அப்பா வேலிக்கு வெளியே நின்று பார்த்த முகம் எனக்குத் தெரியும். விட முடியாது.

திருச்சி_ரேவதி
குறுக்கே வருகிறேன். டிசம்பர் கடைசியில் அரையாண்டு லீவில் வருகிறோம். டெல்லியில் கிடைப்பது ஒரு திங்கட்கிழமை மட்டும். மாமியாருக்கு வயது 70. என்ன செய்யலாம்?

மீனாட்சி_ஆர்கேபுரம்
திங்கட்கிழமை செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம், ரயில் அருங்காட்சியகம் எல்லாம் மூடியிருக்கும். உங்களுக்கு மூன்று இடம் போதும். குதுப்மினார் வளாகம் பெரும்பாலும் சமதளம், மாமியார் மெதுவாக நடக்கலாம். அங்கிருந்து ஆர்.கே.புரம் மலை மந்திர், நம்ம சுவாமிநாதன் கோயில். ஆனால் நடை மதியம் சாத்துவார்கள், நேரம் பார்த்துக் கிளம்புங்கள். மாலையில் தேசியப் போர் நினைவிடம். அங்கே சுவரில் வீரர்களின் பெயர்கள் பொறித்திருக்கிறார்கள். கார்கிலில் வீழ்ந்த உங்கள் ஊர் மேஜர் சரவணன் பெயரைப் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். அதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

குமரன்_நாகர்கோவில்
அதோடு ஹுமாயூன் கல்லறையையும் சேர்க்கலாம், திங்களும் திறந்திருக்கும். தாஜ்மகாலுக்கு முந்தைய கட்டடம். போர் நினைவிடத்துக்குப் போகிற வழியில் பார்த்துவிடலாம்.

சேலம்_சுபா
ஹுமாயூன் கல்லறை மேடைக்கு ஏறும் படிகள் செங்குத்து. 70 வயதுக்காரரை அங்கே ஏற்றாதீர்கள். தோட்டத்தில் உட்கார வைப்பதென்றால் கூட ஒருவர் இருக்க வேண்டும், அது நீங்களாகத்தான் இருக்கும் ரேவதி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் சேர்க்க மாட்டேன்.

பட்ஜெட்_பாலா
டிசம்பர் கடைசி என்றால் காலையில் மூடுபனி இருக்கும். ரயிலும் தாமதமாகும். முதல் இடத்துக்கு 10 மணிக்கு மேல் போகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும்.